கன்னச் சிவப்புக்கு ஒளி வைத்தியம்: கொஞ்சம் நிதானம், சகோதரிகளே!



இந்தப் பதினைந்து நாளில் வந்த கடிதங்களில் மூன்று கடிதங்கள் ஒரே விஷயத்தைக் கேட்கின்றன. ஒன்று திருவையாற்றிலிருந்து, ஒன்று பாபநாசத்திலிருந்து, இன்னொன்று மன்னார்குடிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து. "கன்னமும் மூக்கும் அடிக்கடி சிவந்து போகிறது. அடுப்படிக்குப் போனால் எரிகிறது. பார்லரில் லேசர் பண்ணிக்கொண்டால் பளிச்சென்று ஆகிவிடும் என்கிறார்கள். பண்ணிக்கொள்ளலாமா?" இதுதான் கேள்வி. மன்னார்குடி சகோதரி கூடவே இன்னொரு வரியும் எழுதியிருக்கிறார்: "சீட்டு எடுத்த பணம் கையில் இருக்கிறது. அவரும் சரி என்று சொல்லிவிட்டார். அடுத்த வாரம் முன்பணம் கட்ட வேண்டும்."

பணம் கட்டுவதற்கு முன்னால் எழுதிக் கேட்டாரே, அதுவே நல்லதாகப் போயிற்று. ஒளிச் சிகிச்சை என்பது ஏமாற்று வேலை இல்லை. தக்க கையில், தக்க நோய்க்குச் செய்தால் நல்ல பலன் தரும். ஆனால் முகம் எதனால் சிவக்கிறது என்று தெரிந்துகொள்ளாமல் அதன்மேல் ஒளியைப் பாய்ச்சக் கூடாது. காரணம் தெரியாமல் செய்தால் பணமும் போகும், சில சமயம் முகத்தில் நிரந்தரமாகக் கறையும் தங்கிவிடும்.

ரோசேஷியா என்பது என்ன?

"என்னடி இது, மூஞ்சியெல்லாம் குங்குமத்தைக் கொட்டினாப்பல இருக்கு?" என்று மாமியார் கேட்பார். "வெயில்ல போயிட்டு வந்தேன், அத்தை" என்று நாமும் சொல்லிவிடுவோம். வெயிலில் சிவந்த முகம் நிழலுக்கு வந்து கொஞ்ச நேரத்தில் தெளிந்துவிட்டால் கவலைப்பட ஒன்றுமில்லை. அது தெளியாமல் நாள் கணக்காக, மாதக் கணக்காக நின்றுவிட்டால்தான் யோசிக்க வேண்டும்.

ரோசேஷியா என்ற பெயருக்கு ரோஜா நிறம் என்று பொருள் கொள்ளலாம். பெயர் அழகாக இருக்கிறதே தவிர, நோய் அப்படியில்லை. கன்னம், மூக்கு, நெற்றி, மோவாய் இந்த நடுமுகத்தில் திடீர் திடீரென்று சூடு பரவிச் சிவக்கும். நாளாக ஆக அந்தச் சிவப்பு நிலைத்துவிடும். நூல் மாதிரி மெல்லிய ரத்தக் குழாய்கள் தோலின்மேல் தெரியும். சிலருக்குப் பரு போன்ற சிவந்த கொப்புளங்களும் வரும்; ஆனால் பருவில் இருக்கிற கரும்புள்ளி இதில் இருக்காது. கண் உறுத்தல், மணல் விழுந்தது போன்ற அரிப்பு, இமையோரச் சிவப்பு ஆகியவையும் இதோடு சேர்ந்து வரலாம். அப்படியானால் கண் டாக்டரையும் பார்க்க வேண்டும்.

"இது வெள்ளைக்காரர்களுக்கு வருகிற வியாதியாச்சே?" என்று சிலர் நினைக்கிறார்கள். அவர்களுக்கு அதிகம் என்பது சரி. ஆனால் நம்மவர்களுக்கும் வருகிறது. நம் மாநிறத்திலும் கறுப்பு நிறத்திலும் சிவப்பு பளிச்சென்று தெரியாது. கருஞ்சிவப்பாகவோ மங்கலான பழுப்பாகவோ தெரியும். அதனால் மங்கு என்றும் பரு என்றும் வெயில் கறுப்பு என்றும் நினைத்து வருஷக் கணக்கில் விட்டுவிடுகிறோம். நிறத்தை மட்டும் பார்க்காமல், முகம் சூடாக இருக்கிறதா, எரிகிறதா, சோப்புப் போட்டால் சுரீரென்கிறதா என்று கவனியுங்கள்.

சிவந்ததெல்லாம் ரோசேஷியா இல்லை என்பதும் நினைவிருக்கட்டும். மூக்கின் இரு பக்கமும் வண்ணத்துப்பூச்சி சிறகை விரித்தது போல் சிவந்து, கூடவே மூட்டு வலி, காய்ச்சல், வாய்ப்புண், முடி கொட்டுதல் இருந்தால் லூபஸ் என்ற நோயாக இருக்கலாம். இது இளம் பெண்களுக்குத்தான் அதிகம் வருகிறது. சிறுநீரகத்தையும் பாதிக்கக் கூடியது. முகத்தில் உணர்ச்சி குறைந்த சிவந்த படை இருந்தால் தொழுநோயா என்று பரிசோதித்துவிட வேண்டும். அதற்கு மருந்து இருக்கிறது, முழுக்கக் குணமாகும். இவற்றையெல்லாம் பார்லரில் கண்டுபிடிக்க முடியாது. கண்டுபிடிக்காமல் லேசர் செய்துகொண்டால், உள்ளே இருக்கிற நோய் அது பாட்டுக்கு வளரும்.

அலமாரியில் இருக்கிற டியூப்

எல்லாவற்றையும்விட முக்கியமான காரணம் ஒன்று நம் நாட்டில் இருக்கிறது. அது மருந்துக்கடையில் சுலபமாகக் கிடைக்கிற ஸ்டீராய்டு களிம்பு.

"பக்கத்து வீட்டு அக்கா போட்டா, பத்தே நாள்ல முகம் வெளுத்துடுச்சு" என்று கேட்டு வாங்குகிறோம். முதலில் நன்றாகத்தான் இருக்கும். பரு அமுங்கும், மங்கு மங்கும், தோல் வழவழவென்று ஆகும். இரண்டு மூன்று மாதம் போனால் தோல் மெலிந்துவிடும். ரத்தக் குழாய்கள் மேலே தெரியத் தொடங்கும். வெயில் பட்டால் எரியும். களிம்பை நிறுத்தினால் முகம் தீயாய்ச் சிவந்து கொப்புளம் கிளம்பும். திரும்பப் போட்டால் அமுங்கும். அப்புறம் விடவே முடியாது. பார்ப்பதற்கு ரோசேஷியா மாதிரியே இருக்கும். ஆனால் டியூபால் வந்த வினை.

இது எங்கோ ஒருவருக்கு வருகிற விஷயம் இல்லை. 2011-ல் வெளியான ஓர் ஆய்வில் இந்தியாவின் 12 தோல் சிகிச்சை மையங்களுக்கு முகத்தோல் தொந்தரவோடு வந்த 2,926 பேரைப் பரிசோதித்தார்கள். அவர்களில் 433 பேர், அதாவது நூற்றுக்கு ஏறக்குறைய 15 பேர், முகத்தில் ஸ்டீராய்டு களிம்பு போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த 433 பேரில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு அதைச் சொன்னவர் டாக்டரே இல்லை. நூற்றுக்கு 29 பேர் சிவப்பழகுக் கிரீம் போலவோ, பொதுவாகப் பூசிக்கொள்ளும் கிரீம் போலவோ உபயோகித்திருக்கிறார்கள். இந்தக் கேட்டுக்கு நம் நாட்டுத் தோல் டாக்டர்கள் 'ஸ்டீராய்டால் பழுதான முகம்' என்று தனிப் பெயரே வைத்துவிட்டார்கள். 2018-ல் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டு மேல்பூச்சு மருந்துகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று உத்தரவு போட்டது. உத்தரவு வந்தாலும், வீட்டில் பாதி தீர்ந்து கிடக்கிற டியூபை யார் வந்து பார்ப்பது? நாம்தான் பார்க்க வேண்டும்.

டியூபின் மேல் பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், க்ளோபிட்டசால், ஃப்ளுவோசினலோன் என்ற பெயர்களில் ஏதாவது இருந்தால் அது ஸ்டீராய்டு. மாதக் கணக்கில் முகத்துக்குப் போட்டு வந்திருந்தால் டியூபையும் கையோடு எடுத்துக்கொண்டு தோல் டாக்டரிடம் போங்கள். நிறுத்தும்போது சில வாரங்கள், சில பேருக்குச் சில மாதங்கள்கூட, முகம் அதிகமாகச் சிவக்கும். அந்தச் சமயத்தில் துணை மருந்து வேண்டியிருக்கும். பயந்துபோய்த் திரும்பக் களிம்பை எடுத்துவிடாதீர்கள். அப்படிக் கொதித்துக்கொண்டிருக்கிற முகத்தின்மேல் லேசர் வைப்பதும் சரியில்லை. முதலில் தோல் தேறட்டும். கைக்குழந்தைக்காரிகளுக்கு இன்னொரு வார்த்தை: அதே டியூபை டாக்டரைக் கேட்காமல் குழந்தையின் தொடையிடுக்குப் புண்ணுக்குத் தடவாதீர்கள்.

ஒளி எப்படி வேலை செய்கிறது?

ஒளியால் வைத்தியம் என்றால் நமக்கு ஆச்சரியமாக இருக்கிறது. ஆனால் நம்மில் பலர் இதைக் கண்ணாலேயே பார்த்திருக்கிறோம். பிறந்த குழந்தைக்கு மஞ்சள் காமாலை கண்டால் ஆஸ்பத்திரியில் கண்ணைக் கட்டி நீல விளக்கின் அடியில் கிடத்துகிறார்கள் அல்லவா? அந்த நீல ஒளி, உடம்பில் தேங்கிய மஞ்சள் பொருளைச் சுலபமாக வெளியேறும்படி மாற்றிவிடுகிறது. அதற்கும் முன்னால், தோலில் வருகிற காசநோய்க்கு ஒளியால் சிகிச்சை செய்த டென்மார்க் டாக்டர் நீல்ஸ் ஃபின்ஸனுக்கு 1903-லேயே நோபல் பரிசு கொடுத்திருக்கிறார்கள்.

கன்னச் சிவப்புக்கான ஒளி வேறு விதம். கொடியில் கறுப்புப் புடவையையும் வெள்ளை வேட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் காயப்போட்டுத் தொட்டுப் பாருங்கள். கறுப்புப் புடவைதான் அதிகமாகச் சுடும். ஒவ்வொரு நிறமும் ஒவ்வொரு ஒளியை இழுத்துக்கொள்கிறது. ரத்தத்தின் சிவப்பு, மஞ்சள் ஒளியை நன்றாக இழுத்துக்கொள்ளும். ஆகவே தேர்ந்தெடுத்த மஞ்சள் ஒளியை ஒரு விநாடியில் ஆயிரத்தில் சில பங்கு நேரம் மட்டும் பாய்ச்சினால், ரத்தக் குழாய் மட்டும் சூடேறிச் சுருங்கும். சுற்றியிருக்கிற தோல் சூடாவதற்குள் ஒளி நின்றுவிடும். இந்தத் தத்துவத்தை 1983-ல் அமெரிக்காவைச் சேர்ந்த ராக்ஸ் ஆண்டர்சன், ஜான் பாரிஷ் என்ற இரண்டு டாக்டர்கள் விளக்கி எழுதினார்கள். இன்று முகத்தில் செய்கிற பல லேசர் சிகிச்சைகளுக்கு அதுதான் அடிப்படை.

இதில் மூன்று கருவிகளின் பெயரைத் தெரிந்துகொண்டால் போதும். முதலாவது பல்ஸ்டு டை லேசர். 585 அல்லது 595 நானோமீட்டர் அலைநீளமுள்ள மஞ்சள் ஒளி தருவது. இரண்டாவது ஐ.பி.எல்.; இது லேசர் இல்லை, பல நிற ஒளியைச் சேர்த்து மின்னலடிக்கிற விளக்கு. மூன்றாவது என்.டி.யாக் லேசர்; 1064 நானோமீட்டர், கண்ணுக்குத் தெரியாத ஒளி, தோலுக்குள் ஆழமாக இறங்கக் கூடியது. செய்யும்போது ரப்பர் பேண்டை இழுத்துச் சுண்டிவிட்டது போல் இருக்கும். மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு தடவை வீதம் சில தடவைகள் போக வேண்டியிருக்கும். முதல் வகையில் சில நாள் ஊதா நிறத் தடிப்பு இருந்து மறையும்.

பலன் என்ன? நிலைத்துப்போன சிவப்பும் நூல் போன்ற குழாய்களும் நன்றாகக் குறையும். கொப்புளத்துக்கு மருந்துதான் முதலில்: மெட்ரோனிடசோல், ஐவர்மெக்டின், அசெலாயிக் அமிலம் கலந்த பூச்சுகளும், தேவைப்பட்டால் டாக்ஸிசைக்ளின் மாத்திரையும் தருவார்கள். கர்ப்பிணிகளுக்கு அந்த மாத்திரை ஆகாது. ஆகவே மாதவிலக்கு தள்ளிப் போயிருந்தாலும், பால் கொடுத்துக்கொண்டிருந்தாலும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். இன்னொரு உண்மையையும் கேட்டுக்கொள்ளுங்கள். ஒளி ரத்தக் குழாயைச் சுருக்குமே தவிர, நோயை வேரோடு பிடுங்காது. சில மாதமோ சில வருஷமோ கழித்துக் குழாய்கள் திரும்பத் தெரியலாம். "ஆறு தடவையில் ஆயுசுக்கும் வராது" என்று யாராவது சொன்னால் அங்கே பணம் கட்டாதீர்கள். வீட்டில் மாட்டிக்கொள்ள விற்கிற விளக்கு முகமூடிகளாலும் இந்தக் குழாய்களைச் சுருக்க முடியாது.

நம் நிறமும் நம் வெயிலும்

மேலே சொன்ன புடவை உதாரணத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. நம் தோலில் மெலனின் என்ற கறுப்பு நிறப்பொருள் அதிகம். அதுவும் ஒளியை இழுத்துக்கொள்ளும். ஒளி ரத்தக் குழாய்க்குப் போய்ச் சேர்வதற்கு முன் மேல்தோலிலேயே சூடு பிடித்தால் கொப்புளம், கருந்தழும்பு, சில சமயம் வெள்ளைத் திட்டு என்று வந்துவிடும். கன்னத்துச் சிவப்பு போய்க் கன்னத்தில் கறுப்பு வந்தால் யாருக்கு என்ன லாபம்? வெள்ளைத் தோலுக்கு வைத்த அளவை நமக்கு வைத்தால் இப்படித்தான் ஆகும். மூன்றாவது கருவியின் ஒளியை மெலனின் குறைவாக இழுப்பதால் நம் நிறத்துக்கு அது பத்திரமானது என்பார்கள். ஆனால் அதற்குச் சக்தி அதிகம் வைக்க வேண்டும். கை தேர்ந்தவர்தான் செய்ய வேண்டும்.

வெயிலில் கறுத்திருக்கிற சமயத்தில் இந்த ஆபத்து இன்னும் அதிகம். நம் தஞ்சைப் பக்கத்தில் சித்திரை, வைகாசிக் கத்திரி வெயிலில் இதைத் தொடங்கவே வேண்டாம். ஆனியில் குறுவை நடவுக்கு இறங்குகிறவர்களுக்கு மேலேயிருந்தும் வெயில், வயல் தண்ணீரிலிருந்து திரும்பி அடிக்கிறதும் வெயில். வயலில் வேலை இல்லாத, வெயில் தணிந்த வாரங்களாகப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். சிகிச்சைக்குச் சில வாரம் முன்னும் பின்னும் முகத்தில் வெயில் படாமல் இருக்க முடியுமா என்று யோசித்துவிட்டே நாள் குறியுங்கள்.

போகும் முன் இதையெல்லாம் கேளுங்கள்:

1. எனக்கு வந்திருப்பது என்ன நோய்? அதைச் சொல்கிறவர் தோல் நோயில் பட்டமோ பட்டயமோ பெற்ற டாக்டரா?

2. எந்தக் கருவி? என் நிறத்தில் உள்ளவர்களுக்கு இதைச் செய்து பழக்கம் உண்டா?

3. முதலில் காதோரம் ஒரு சின்ன இடத்தில் செய்து பார்த்து, சில வாரம் பொறுத்துப் பிறகு முழு முகத்துக்குச் செய்வீர்களா?

4. கண்ணுக்கு மறைப்புப் போடுவீர்களா?

5. மொத்தம் எத்தனை தடவை, எவ்வளவு பணம்? ஒவ்வொரு தடவையும் தனித்தனியாகக் கட்டலாமா?

இவற்றுக்கு முகம் சுளிக்காமல் பதில் சொல்கிற இடம் நல்ல இடம். மொத்தப் பணத்தையும் முன்னாலேயே கேட்டு, நோயின் பெயரைச் சொல்லத் தயங்குகிற இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுங்கள். நோய் என்ன என்று தெரிந்துகொள்ள ஆயிரக் கணக்கில் செலவழிக்க வேண்டியதும் இல்லை. தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது. ஒரு காலை நேரத்தை ஒதுக்கி, புறநோயாளிச் சீட்டு வாங்கிக் காட்டிவிட்டு வாருங்கள். அவர்கள் சொல்வதைக் கேட்டபிறகு லேசர் வேண்டுமா என்று முடிவு செய்யலாம். பாதிப் பேருக்கு மேல் மருந்தும் பக்குவமுமே போதுமாக இருந்தாலும் ஆச்சரியமில்லை.

வீட்டுப் பக்குவம்

ஒரு நோட்டில் இரண்டு வாரம் எழுதி வாருங்கள்: இன்று எப்போது முகம் சிவந்தது, அதற்கு முன் என்ன சாப்பிட்டேன், எங்கே இருந்தேன், யாரோடு சண்டை! ஒருவருக்கு வெயில், இன்னொருவருக்கு அடுப்புச் சூடு, வேறொருவருக்கு மிளகாய்க் காரம், பலருக்கு மனக் கொதிப்பு. எல்லாவற்றையும் விட்டுப் பத்தியம் இருக்க வேண்டாம். உங்களுக்கு எது ஒத்துக்கொள்ளவில்லையோ அதை மட்டும் குறையுங்கள்.

காப்பி குடிக்கலாமா என்று திருவையாற்று சகோதரி கவலையோடு கேட்டிருக்கிறார். தாராளமாகக் குடிக்கலாம். 1981-ல் ஒரு டாக்டர் சோதித்துப் பார்த்ததில், சூடான காப்பியைப் போலவே சூடான வெறும் தண்ணீரும் முகத்தைச் சிவக்க வைத்தது. குற்றவாளி சூடுதான். 2018-ல் அமெரிக்காவில் 82,737 நர்ஸுகளின் விவரங்களைப் பார்த்தபோது, காப்பி அதிகம் குடித்தவர்களுக்கு ரோசேஷியா குறைவாகவே இருந்தது. நமக்கோ டபரா இருக்கவே இருக்கிறது. நுரை பொங்க நாலு தடவை நன்றாக ஆற்றி, வெதுவெதுப்பாகக் குடியுங்கள்.

நெல் அவிக்கும்போதும், பண்டிகைக்குப் பலகாரம் சுடும்போதும் அடுப்புக்கு நேரே குனிந்து நிற்காதீர்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள். நடுநடுவே வெளியே வந்து ஈரத் துணியால் முகத்தை ஒற்றிக்கொள்ளுங்கள். முகத்துக்கு வெந்நீர், ஆவி பிடித்தல், எலுமிச்சைச் சாறு, பயத்தமாவைப் போட்டு அழுத்தித் தேய்த்தல் எல்லாம் வேண்டாம். மென்மையான சோப்பு, வாசனை இல்லாத ஈரப்பசைக் கிரீம், பகலில் எஸ்.பி.எஃப். 30-க்குக் குறையாத வெயில் தடுப்புக் கிரீம் போதும். வெளியே போகும்போது குடை பிடியுங்கள். வயலில் துண்டைத் தலைக்குச் சும்மாடாகக் கட்டுவதோடு கன்னமும் மறைகிறபடி முன்னுக்கு இழுத்துவிட்டுக்கொள்ளுங்கள். லேசர் செய்துகொண்டவர்களுக்கு இவையெல்லாம் இரட்டிப்பு அவசியம். அந்த வாரத்தில் மஞ்சள் பூசுவதையும் நிறுத்தி வையுங்கள்.

மன்னார்குடி சகோதரிக்கு என் பதில்: சீட்டுப் பணம் பத்திரமாக இருக்கட்டும். முதலில் தஞ்சாவூருக்கு ஒரு பஸ் டிக்கெட் எடுங்கள். போகும்போது அலமாரியில் இருக்கிற டியூபையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள். டாக்டர் பார்த்துவிட்டு ஒளிச் சிகிச்சைதான் வேண்டும் என்றால், அந்தப் பணம் அப்போது உதவும். கேட்க வேண்டிய ஐந்து கேள்விகளும் உங்கள் கையில் இருக்கின்றன.